வீட்டுக்கு உயிலா, செட்டில்மெண்டா, நாமினியே போதுமா?

அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். "எல்லாத்தையும் இப்பவே பசங்க பேருக்கு எழுதி வெச்சிடலாமா, இல்ல உயில் எழுதினா போதுமா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "பேங்க்ல நாமினி போட்டாச்சே, அப்புறம் எதுக்கு உயில்?" என்பார் இன்னொருவர். உயில் எழுதினால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள், செட்டில்மெண்ட்தான், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொந்தத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று சொல்ல ஊருக்கு ஒருவர் இருப்பார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் குடியிருக்கும் வீட்டை, வலுவான காரணம் இல்லாமல், உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்காதீர்கள். உயில் எழுதுங்கள், அதைப் பதிவும் செய்யுங்கள். செட்டில்மெண்ட் செய்வதே சரி என்ற குடும்பங்களும் உண்டு, அதையும் சொல்கிறேன். கீழே வருவது இந்தியச் சட்டம். கட்டணம் என்று வரும் இடத்தில் தமிழ்நாட்டுக் கணக்கு.

முதலில், எதுவுமே எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தெரிந்தோ தெரியாமலோ தேர்ந்தெடுப்பது அதைத்தான். "நான் போனா எல்லாம் என் பொண்டாட்டிக்குத்தானே" என்று நினைக்கும் ஆண்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு ஒரு சம பங்கு. நாற்பது வயதில் ஒருவர் இறக்கிறார், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், அம்மா இருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு நான்கு பங்காகிறது. பிள்ளைகள் மைனர் என்பதால் அவர்கள் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். அம்மாவும் எதுவும் எழுதாமல் காலமானால், அந்தக் கால் பங்கில் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கும், உரிமை வந்துவிடும். யார் மேலும் தப்பு இல்லை. ஆனால் இரண்டு குழந்தைகளோடு நிற்கும் அந்தப் பெண், வீட்டை வைத்து எதைச் செய்வதானாலும் கணவர் வீட்டார் அத்தனை பேரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

பெண்களுக்கு வரும் விதி இன்னும் கடுமை. பிள்ளைகள் இல்லாமல், கணவரையும் இழந்த ஒரு பெண் தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய வீடு, உயில் இல்லையென்றால், அவரைப் பெற்ற அம்மா அப்பாவுக்கு முன்னால் இறந்துபோன கணவரின் வாரிசுகளுக்குப் போகும். தாய் தந்தையரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு, அது அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். இதை வேலைக்குப் போகும் பெண்கள் பலர் அறியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பிள்ளை இல்லாத பெண் யாராக இருந்தாலும், வயது முப்பதே ஆனாலும், எதுவும் எழுதாமல் விடுவது அவருக்கு ஒரு வழியே கிடையாது.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருந்தால் அம்மாவுக்குப் பங்கு இல்லை. வயதான அம்மாவைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். கடன், அடக்கச் செலவு போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உயில் எழுத முடியும், வாரிசாக வரக்கூடிய ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். ஆகவே கீழே உயிலைப் பற்றி நான் சொல்வது அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

சரி, நாமினி. இது ஒரு மாற்று வழி என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்களே அதிகம். வங்கியோ நிறுவனமோ பணத்தை யார் கையில் கொடுத்தால் தன் பொறுப்பு முடியும் என்பதற்காகக் குறித்துக்கொள்ளும் பெயர்தான் நாமினி. கையில் வாங்கியவருக்கே அது சொந்தம் என்று ஆகிவிடாது, சட்டப்படியான வாரிசுகள் அவரிடம் கணக்குக் கேட்கலாம். கம்பெனிப் பங்குகள் விஷயத்திலும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-ல் வந்த திருத்தம் கொஞ்சம் மாற்றியது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகையில் அவர்களுக்கே உரிமை என்று அது சொல்கிறது, அதைப் பற்றியும் நீதிமன்றங்களில் வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். நல்ல வசதி, கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆஸ்பத்திரி பாக்கியும் காரியச் செலவும் குடும்பத்தை நெருக்கும் நாட்களில் நாமினி இருந்தால் பணம் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் அது உயிலின் இடத்தை நிரப்பாது. நம் சொந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் நாமினி என்று ஒன்று கிடையவும் கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பையனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கேன், அவன் பாத்துப்பான்" என்பவர்கள் உண்டு. எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடமே அந்தப் பவர் செல்லாது.

ஆக, வீடு என்று வந்தால் போட்டி உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படிப் பார்க்கிறேன்: உயில் எழுதினால் அதிகாரம் கடைசிவரை உங்கள் கையில் இருக்கும், ஆனால் அது உண்மையான உயில்தான் என்று நிரூபிக்கும் வேலை நீங்கள் இல்லாத காலத்தில் பிள்ளைகள் தலையில் விழும். செட்டில்மெண்டில் நிரூபிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது, ஆனால் அன்றைக்கே அதிகாரம் கைமாறிவிடும். எந்தச் சுமை உங்கள் குடும்பத்துக்குத் தாங்கும் என்பதுதான் கேள்வி, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

செட்டில்மெண்ட் என்று நாம் சொல்வது, கைம்மாறாகப் பணம் வாங்காமல் சொந்தத்துக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் வரும் தானத்தின் விதிகள்தான் இதற்கும்: எழுதிக் கொடுப்பவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், கட்டாயப் பதிவு, வாங்குபவர் அதை ஏற்றுக்கொள்வது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை சொத்து மதிப்பில் ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். 2023 ஜூலையில் உச்சவரம்பை உயர்த்தியபின் முத்திரைக்கு 40,000 ரூபாய், பதிவுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் போகாது. ஒரு கோடி ரூபாய் வீடு ஐம்பதாயிரம் ரூபாயில் மகள் பெயருக்கு மாறிவிடும். மலிவு என்பதில் சந்தேகமே இல்லை, பலர் செட்டில்மெண்டுக்குப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். "குடும்பம்" என்ற பட்டியலில் எல்லாச் சொந்தமும் வராது, பட்டியலுக்கு வெளியே போனால் கட்டணம் பல மடங்கு, அதனால் முன்கூட்டியே பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்ததும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், பட்டா மாறும், வீட்டு வரி மாறும். நாளைக்கு யாரும் "அப்பா சுயநினைவோட எழுதினாரா?" என்று கேட்டால் அப்பாவே உட்கார்ந்திருந்து பதில் சொல்லலாம். இதெல்லாம் நல்லது.

கெட்டது என்னவென்றால், மனம் மாறினால் திரும்ப வழி கிடையாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மெண்டை நீங்களாகப் போய் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. மகன் அந்த வீட்டை அடமானம் வைத்துத் தொழில் செய்தால், தொழில் நொடித்தால், வங்கி ஜப்தி செய்ய வருவது நீங்கள் படுத்திருக்கும் வீட்டுக்கு. அதைவிடக் கொடுமையான ஒன்றை யாரும் வாய்விட்டுப் பேசுவதே இல்லை: எழுதி வாங்கிய மகன் உங்களுக்கு முன்னால் இறந்துபோனால்? வீடு உங்களுக்குத் திரும்ப வராது. அவருடைய மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாருக்கும் பங்காகும். அதாவது அம்மாவுக்குத் தன் சொந்த வீட்டில் ஒரு பங்கு. அப்பா எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கு அதுவும் இல்லை, ஏனென்றால் அப்பா முதல் வகுப்பு வாரிசே கிடையாது. மருமகள் தங்கமானவராக இருக்கலாம், பெரும்பாலும் இருப்பார், ஆனால் எழுபது வயதில் தலைக்கு மேல் இருக்கும் கூரை இன்னொருவரின் நல்ல மனசை நம்பி நிற்கக் கூடாது.

"கவனிக்கலன்னா ரத்து பண்ணலாம்னு சட்டம் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அறுபது வயது ஆனவர், தன் அடிப்படைத் தேவைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் செய்யலாம். நிபந்தனை என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்று காட்டியாக வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது முதியோருக்கான நலச் சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சொன்னது. இரண்டில் எது உங்கள் வழக்குக்குக் கைகொடுக்கும் என்ற சூதாட்டம் எதற்கு? செட்டில்மெண்ட் எழுதியே ஆக வேண்டுமென்றால், சாப்பாடு, மருத்துவம், இருக்க இடம் என்று பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று மட்டும் எழுதி முடிக்கும் வழக்கமான வாசகத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைகள் முன்னால் நிபந்தனை கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், தெரியும், ஆனால் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு அந்த ஒரு வரியால் நஷ்டம் எதுவும் இல்லை.

நடுவழி ஒன்றும் உண்டு. உரிமையை இப்போதே மகளுக்கு எழுதிவிட்டு, ஆயுட்காலம் வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உள்ள அனுபவ உரிமையை நீங்களே வைத்துக்கொள்வது. அனுபவத்தை உடனே ஒப்படைக்காவிட்டாலும் தானம் செல்லும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆனால் இதில் வாசகம் கத்திமுனை. உரிமை இன்றே போகிறது, அனுபவம் மட்டும் பிறகு என்று இருந்தால் அது செட்டில்மெண்ட். உரிமையே என் காலத்துக்குப் பின்தான் என்று எழுதியிருந்தால், மேலே கொட்டை எழுத்தில் செட்டில்மெண்ட் என்று போட்டுப் பதிவு செய்திருந்தாலும் நீதிமன்றம் அதை உயிலாகவே பார்க்கும். அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் வரைவைப் படித்துப் பார்க்கட்டும், இந்த இடத்தில் சிக்கனம் வேண்டாம்.

செட்டில்மெண்ட் யாருக்குச் சரி? உங்கள் காலத்துக்குப் பின் சண்டை நிச்சயம் என்று தெரிகிற வீடு. மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஒரு சொத்தை ஒதுக்கி, யாரும் கேள்வி கேட்காத நிலையில் வைக்க வேண்டும் என்ற நிலை. கல்யாணம் ஆகாமல் உங்களோடே இருந்து உங்களைப் பார்த்துக்கொள்ளும் மகள், அவளுக்கு எதிராக இரண்டு அண்ணன்கள். இல்லை, உங்களுக்கு மூன்று சொத்து இருக்கிறது, குடியிருக்கும் வீட்டைத் தவிர மற்றதைக் கொடுத்தாலும் உங்கள் வாழ்க்கைக்குக் குறைவு வராது. இப்படிப்பட்டவர்கள் அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு, நிபந்தனையும் எழுதி, செட்டில்மெண்ட் செய்யலாம். ஒரே ஒரு வீடுதான் மொத்த ஆஸ்தி என்பவர்கள் உயிலோடு நின்றுகொள்ளுங்கள்.

இனி உயில். வெள்ளைத்தாளே போதும், முத்திரைத்தாள் தேவையில்லை, முத்திரைத்தீர்வையும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் பார்த்த இரண்டு பேர் உங்கள் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். முழுக்க உங்கள் கைப்பட எழுதினாலும் இந்த இரண்டு சாட்சி இல்லாமல் செல்லாது. நோட்டரி முத்திரை குத்தினால் அது சாட்சிக்கு ஈடாகாது. சொத்து வாங்கப்போகும் மகனையோ மருமகளையோ சாட்சியாகப் போடாதீர்கள்.

பதிவு கட்டாயம் இல்லை என்பதால் "எதுக்கு அலைச்சல்" என்று விடுகிறவர்கள் பலர். நான் பதிவு செய்யச் சொல்கிறேன். காரணம் இதுதான்: உயில் மேல் தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும், பதிவு செய்த உயிலாக இருந்தாலும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது. ஆனால் சார்பதிவாளர் முன் நீங்களே போய், கைநாட்டும் புகைப்படமும் பதிந்து, "ஆமாம், நான்தான் எழுதினேன்" என்று சொன்ன பதிவு இருக்கும்போது, பொய்க் கையெழுத்து என்ற வாதம் எடுபடுவது கஷ்டம். காகிதம் தொலைந்தாலும் நகல் அலுவலகத்தில் இருக்கும். உயில் பதிவாவது தனிப் புத்தகத்தில், வில்லங்கச் சான்றில் அது வராது, நீங்கள் இருக்கும்வரை மற்றவர்களுக்கு அதன் நகல் கொடுக்கமாட்டார்கள். யாருக்கு எவ்வளவு என்று வீட்டில் தெரிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். படுக்கையில் இருப்பவர் என்றால் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிய சட்டத்தில் இடம் இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அலுவலகத்துக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்பவர்கள் உறையில் போட்டு அரக்கு வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம், ஆனால் அதனால் ஒப்பத்துக்கோ சாட்சிக்கோ கூடுதல் வலு எதுவும் வராது.

சாட்சி விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். உங்கள் வயதொத்த நண்பரைப் போட்டால் நாளைக்கு அவரும் இருக்கமாட்டார். உங்களைவிட இருபது வயது இளையவர், ஊரைவிட்டுப் போகாதவர், முடிந்தால் ஒருவர் உங்களைப் பார்க்கும் டாக்டர். எண்பது வயதில் எழுதுவதானால் அன்றைய தேதியில் தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று ஒரு மருத்துவச் சான்றும் வாங்கி வையுங்கள். ஒரு பிள்ளையை விட்டுவிடுகிறீர்கள் என்றால், ஏன் என்று ஒரே ஒரு வரி எழுதிவிடுங்கள், "மூத்த மகனுக்கு முன்பே தொழிலுக்குப் பணம் கொடுத்துவிட்டேன்" என்பதுபோல. காரணமே இல்லாமல் ஒருவரை ஒதுக்கியிருப்பதும், சொத்து வாங்குகிறவரே முன்னின்று உயிலை எழுத வைத்திருப்பதும் நீதிமன்றங்கள் சந்தேகத்தோடு பார்க்கும் விஷயங்கள். அதனால் பயன் பெறும் பிள்ளை உங்களைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம், வேறு யாராவது வரட்டும். சென்னை நகரச் சொத்தாக இருந்தால் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) பற்றி நெடுங்காலமாகத் தனி விதி ஒன்று இருந்து வந்தது, அதன் இன்றைய நிலையை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூர்வீகச் சொத்து என்றால் உங்கள் பங்குக்கு மட்டும்தான் உயில் எழுத முடியும். மைனர் பிள்ளைகள் இருந்தால், பெற்றோர் இருவருமே இல்லாத நிலையில் யார் கார்டியன் என்று எழுதுங்கள். இளம் தம்பதிகள் உயில் எழுத இது ஒன்றே போதுமான காரணம். எழுதி வாங்குகிறவர் உங்களுக்கு முன் இறந்தால் அந்தப் பங்கு யாருக்கு என்பதையும், பட்டியலில் வராத மற்ற சொத்து யாருக்கு என்பதையும் கண்டிப்பாகச் சேருங்கள்.

ஏற்கெனவே உயில் இருக்கிறது, மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழி. இணைப்பு உயில் என்று ஒரு சின்னத் திருத்தத்தை மட்டும் எழுதுவது, அல்லது புதிதாக ஒன்று எழுதுவது. இரண்டுக்குமே அதே ஒப்பம், அதே இரண்டு சாட்சி. உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளரை மாற்றுவது போன்ற சின்ன வேலைக்கு இணைப்பு உயில் சரி. பங்கு மாறுகிறது, சொத்து விற்றாயிற்று, புது வீடு வாங்கியாயிற்று, குடும்பத்தில் ஒருவர் இறந்தார், விவாகரத்து ஆயிற்று என்றால் புதிதாகவே எழுதுங்கள். ஒன்றுக்கொன்று முரணான மூன்று காகிதங்களை வைத்துக்கொண்டு பிள்ளைகள் திண்டாட வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம், கல்யாணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அப்படி ஆகாது, அதனால்தான் கல்யாணத்துக்கு முன் அண்ணன் பெயருக்கு எழுதிய உயில் முப்பது வருஷம் கழித்தும் உயிரோடு இருக்கும், மனைவி பெயரே இல்லாமல்.

பழைய உயிலின் மேல் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். அந்தத் திருத்தத்துக்கும் கையெழுத்தும் சாட்சியும் இல்லையென்றால் அது செல்லாது. புது உயிலில் பழையதன் தேதியையும் பதிவு எண்ணையும் குறிப்பிட்டு, அதையும் முன்பு எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன் என்று எழுதுங்கள். பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத உயில் ஒன்று ரத்து செய்ய முடியும், சட்டத்தில் தடை இல்லை, ஆனால் முதலாவது பதிவாகி இரண்டாவது பதிவாகாமல் இருந்தால் இரண்டாவது போலி என்று சொல்ல ஒருவர் கிளம்புவார். பழைய பதிவு உயிலைக் கிழித்துப் போட்டுவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம், அதன் நகல் அலுவலகத்தில் அப்படியே இருக்கிறது. முதலாவதைப் பதிந்தவர் இரண்டாவதையும் பதியுங்கள். உயிலை மாற்றிய அதே வாரத்தில் வங்கி, பிஎஃப், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்டு நாமினிகளையும் எடுத்துப் பார்த்து, உயிலில் உள்ள பெயரும் நாமினி பெயரும் வேறு வேறாக இருந்தால் ஒன்றாக்குங்கள், வேண்டுமென்றே வேறாக வைத்திருந்தால் ஏன் என்று உயிலிலேயே ஒரு வரி சேருங்கள். அசல் எங்கே இருக்கிறது என்று பொறுப்பாளருக்கும், பங்கு வாங்காத ஒருவருக்கும் சொல்லிவையுங்கள். உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கரில் அதைப் பூட்டி வைக்க வேண்டாம், அந்த லாக்கரைத் திறப்பதற்கே உயிலைக் கேட்கக்கூடும்.